பப் வாசல்ல ஜெயிக்காதீங்க, மறுநாள் காலையில ஜெயிங்க: பவுன்சரும் உங்க உரிமையும்

வழக்கமா டேக்ஸ், எஸ்ஐபி, கிரெடிட் கார்டுன்னு பேசுற இடத்துல இன்னைக்கு பப் வாசலைப் பத்திப் பேசப் போறேன். "ஆடிட்டருக்கும் பவுன்சருக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்பீங்க. 960 ரூபாய் சம்பந்தம் இருக்கு. சொல்றேன்.

என் சித்தி பையனுக்கு 24 வயசு. ஐடி-ல முதல் வேலை, கன்ஃபர்மேஷன் ஆன சந்தோஷம். டீம்ல ஆறு பேர், சென்னையில ஒரு ஹோட்டல்ல இருக்கிற பாருக்குப் போயிருக்காங்க. பில் வந்தப்போ சாப்பாடு, டிரிங்ஸ் எல்லாம் சேர்த்து 9,600, அதுக்கு மேல 10% சர்வீஸ் சார்ஜ் 960, அப்புறம் வரிகள். தம்பி நம்ம வீடியோவை எல்லாம் பார்க்கிறவன். "சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை, எடுத்துடுங்க"ன்னு சொல்லியிருக்கான். மேனேஜர் முடியாதுன்னுட்டார். இவன் 960-ஐக் கழிச்சிட்டு மீதியைக் கட்டிட்டுக் கிளம்பிட்டான். வாசல்ல ரெண்டு பவுன்சர் வழியை மறிச்சாங்க. இவன் போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பிச்சான். ஒருத்தர் போனைப் பிடுங்கினார். இவன் தள்ளினான். அவர் படிக்கட்டுல விழுந்து நெத்தியில ரத்தம்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு எனக்குப் போன். "அண்ணா, ஸ்டேஷன்ல இருக்கேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

கணக்கைப் பாருங்க. வக்கீலுக்கு 15,000. அந்த செக்யூரிட்டியோட வைத்தியச் செலவு 6,500. மொத்தம் 21,500. மிச்சப்படுத்த நினைச்ச தொகையைப் போல 22 மடங்கு. ரெண்டு நாள் லீவு தனி. அடுத்த வேலைக்குப் போகும்போது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல இது வருமோ, பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன்ல வருமோன்னு பயந்த அந்த ரெண்டு வாரத்துக்கு எந்த லெட்ஜர்லயும் கணக்கு எழுத முடியாது. கடைசியில சமாதானமாப் போச்சு, எஃப்ஐஆர் ஆகலை. அது அதிர்ஷ்டம்தான்.

இதுல வேதனை என்னன்னா, தள்ளுற அந்த நொடி வரைக்கும் சட்டம் முழுசா தம்பி பக்கம் இருந்தது. அதனாலதான் இதை எழுதுறேன். நான் வக்கீல் இல்லை. இது பொதுவான தகவல், உங்க கேஸுக்கு ஒரு வக்கீலைப் பாருங்க. ஆனா அடிப்படை உரிமையைத் தெரிஞ்சுக்க வக்கீலா இருக்க வேண்டியதில்லை.

பவுன்சர் யாரு, சட்டத்தின் கண்ணில்?

கறுப்பு டி-ஷர்ட், வாக்கி டாக்கி, ஆறடி உயரம். பார்த்தா போலீஸ் மாதிரி ஒரு எஃபெக்ட் வரும். ஆனா சட்டத்துல 'பவுன்சர்'னு ஒரு பதவியே கிடையாது. அவர் ஒரு தனியார் பாதுகாவலர், அவ்வளவுதான். அவரை அனுப்புற ஏஜென்சி 2005-ம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டத்தின்படி லைசென்ஸ் வாங்கியிருக்கணும். லைசென்ஸ் இல்லாம நடத்தினா ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். காவலருக்குப் பயிற்சி இருக்கணும், பின்னணி சரிபார்த்திருக்கணும், போட்டோவோட அடையாள அட்டை கொடுத்திருக்கணும். போலீஸ், ராணுவச் சீருடை மாதிரி தோற்றம் தர்ற உடையைப் போட்டாலே அது குற்றம்.

அதிகாரம்னு பார்த்தா, ஒரு சாதாரண குடிமகனுக்கு என்ன உண்டோ அதேதான் அவருக்கும். அவர் கண்ணு முன்னாடி யாராவது ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியா கைது பண்ணக்கூடிய அளவு பெரிய குற்றம் செஞ்சா பிடிச்சு வைக்கலாம். அந்த உரிமை உங்களுக்கும் எனக்கும்கூட உண்டு. அப்படிப் பிடிச்சா தாமதம் இல்லாம, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்கிட்ட ஒப்படைக்கணும்னு புது நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ல 40-வது பிரிவு சொல்லுது. சர்வீஸ் சார்ஜ் தகராறு இந்த லிஸ்ட்ல எங்கேயும் வராது.

உள்ளே விடமாட்டேன்னு சொன்னா?

இங்க நிறைய பேர் தப்புக் கணக்கு போடுறாங்க. "காசு கொடுக்கிறேன், விட்டுத்தான் ஆகணும்"னு ஒரு சட்டமும் இல்லை. அது தனியார் இடம். கூட்டம் நிறைஞ்சிருச்சு, டிரஸ் கோடு, ஏற்கனவே போதையில இருக்கீங்க, வயசு பத்தாதுன்னு காரணம் சொல்லி மறுக்கலாம். தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விற்கக் கூடாது. அதனால ஐடி கேட்கிறது அவங்க கடமை.

ஆனா சில காரணங்களைச் சொல்லி மறுக்கவே முடியாது. அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, ஹோட்டல், உணவகம், பொதுக் கேளிக்கை இடம்னு பேர் சொல்லியே பேசுது. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம், இதுல எதையாவது மட்டும் வெச்சு யாரையும் தடுக்கக் கூடாது. சாதியைச் சொல்லித் தடுத்தா குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955-ன்படி கிரிமினல் வழக்கே ஆகலாம். திருநங்கை, திருநம்பிகளைத் தடுக்கிறதை 2019-ம் ஆண்டுச் சட்டம் தனியாவே தடை செய்யுது.

நம்ம ஊருக்குன்னே ஒரு சுவாரஸ்யமான சட்டமும் இருக்கு. 2014-ல சென்னையில ஒரு கிரிக்கெட் கிளப் நிகழ்ச்சிக்கு வேட்டி கட்டிட்டுப் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசல்ல நிறுத்தினாங்க. பெரிய சர்ச்சை ஆச்சு. அடுத்த மாசமே சட்டமன்றத்துல சட்டம் வந்தது. பொழுதுபோக்கு கிளப், சங்கம், அறக்கட்டளை, நிறுவனம் எதுவும் வேட்டி கட்டினதுக்காக ஒருத்தரைத் தடுக்கக் கூடாது. மீறினா ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், லைசென்ஸும் போகலாம். ஆக, டிரஸ் கோடுக்கும் எல்லை இருக்கு.

'ஸ்டேக் என்ட்ரி இல்லை, கப்பிள்ஸ் மட்டும்'கிறது? பாலினத்தை வெச்சுத் தடுக்கிறாங்கன்னு வாதாட இடம் இருக்கு. ஆனா ராத்திரி 10 மணிக்கு வாசல்ல நீதிபதி உட்கார்ந்திருக்க மாட்டார். வேற இடத்துக்குப் போங்க. உங்க காசு உங்க பாக்கெட்லயே இருக்கு, அதுவும் ஒரு லாபம்தான்.

செக்கிங், ஐடி, போன்

பையைக் காட்டச் சொன்னா அது உள்ளே விடுறதுக்கான நிபந்தனை. காட்ட முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்போ உள்ளே விட முடியாதுன்னு சொல்ல அவங்களுக்கும் உரிமை உண்டு. உங்க சம்மதம் இல்லாம உடம்பைத் தடவிச் சோதிக்க அவங்களுக்கு அதிகாரம் இல்லை. பெண்களை ஆண் காவலர் தொட்டுச் சோதிக்கிறதுங்கிற பேச்சுக்கே இடமில்லை. தப்பான நோக்கத்தோட தொட்டா பிஎன்எஸ் 74-வது பிரிவு, ஒரு வருஷத்துல இருந்து அஞ்சு வருஷம் வரை சிறை.

ஐடி-யைப் பார்க்கலாம், வாங்கி வெச்சுக்க முடியாது. டிஜிலாக்கர்ல காட்டினா போதும். ஆதார்தான் காட்டணும்னா மறைக்கப்பட்ட நம்பர் இருக்கிற 'மாஸ்க்டு ஆதார்' காட்டுங்க.

போன்? உள்ளே வீடியோ எடுக்காதீங்கன்னு சொல்லலாம், மீறினா வெளியே போகச் சொல்லலாம். பிடுங்கவோ, லாக்கைத் திறக்கச் சொல்லவோ, வீடியோவை அழிக்கச் சொல்லவோ உரிமை இல்லை.

பில் தகராறு: இதுதான் நம்ம ஏரியா

சர்வீஸ் சார்ஜ் வரி இல்லை. அரசாங்கத்துக்குப் போறதும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதி வழிகாட்டுதல் வெளியிட்டது. பில்லுல தானாச் சேர்க்கக் கூடாது, வேற பேர்ல வாங்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது, அதைக் கட்டாதவங்களுக்கு அனுமதியோ சேவையோ மறுக்கக் கூடாது, சாப்பாட்டு பில்லோட சேர்த்து அதுக்கும் ஜி.எஸ்.டி. போடக் கூடாது. உணவக, ஹோட்டல் சங்கங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனாங்க. 2025 மார்ச் 28-ம் தேதி நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செஞ்சு, ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் கட்டச் சொன்னது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்காங்க.

கவர் சார்ஜ் வேற விஷயம். உள்ளே போகும் முன்னாடியே தொகையைச் சொல்லி, நீங்க ஒத்துக்கிட்டுக் கட்டினா அது ஒப்பந்தம். மூணே கேள்வி கேளுங்க: எவ்வளவு? முழுசும் சாப்பாட்டுக்கும் டிரிங்ஸுக்கும் கழிக்கலாமா? வரி சேர்த்தா, தனியா? பதிலை வாங்கிட்டு யூபிஐ-ல கட்டுங்க. ரொக்கமாக் கொடுத்தா அதுக்கு ஆதாரம் இருக்காது.

பில்லுல இன்னொண்ணு பாருங்க. மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வாட் வரிதான். சாப்பாட்டுக்குத்தான் ஜி.எஸ்.டி. ரெண்டையும் ஒண்ணாக் கூட்டி அது மேல ஜி.எஸ்.டி. போட்டிருந்தா உடனே கேளுங்க.

சரி, தகராறு முத்திப்போய் வாசலை மறிச்சா? ஒரு தொகை நியாயமா இல்லையாங்கிற சண்டை சிவில் விவகாரம். சாப்பிட்டுட்டு ஏமாத்தணும்னே வந்து ஓடுறவன் கதை வேற. நீங்க மறுக்கிற தொகையையும் காரணத்தையும் சொல்லிட்டு மீதியைக் கட்டினா அது ஏமாத்து வேலை இல்லை. அதுக்காக உங்களைப் போகவிடாம மறிச்சா பிஎன்எஸ் 126, ஒரு மாசம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். ஒரு ரூம்ல உட்கார வெச்சுப் பூட்டினா பிஎன்எஸ் 127, ஒரு வருஷம் வரை சிறை. இந்த ரெண்டுலயும் போலீஸ் நேரடியா எஃப்ஐஆர் போடலாம்.

கை வெச்சா?

வெளியே போங்கன்னு சொன்ன பிறகும் நின்னு கத்திக்கிட்டு இருந்தா அது அத்துமீறல்ல வந்து முடியலாம். அப்போ உங்களை வெளியேத்த தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்த அவங்களுக்கு இடம் உண்டு. தேவையான அளவுதான். அதுக்கு மேல போனா தற்காப்புன்னு சொல்ல முடியாதுன்னு பிஎன்எஸ் 37 சொல்லுது. வெளியே வந்த ஆளைச் சுத்தி நின்னு அடிக்கிறது எந்தக் கணக்குலயும் வராது. அது பிஎன்எஸ் 115(2), ஒரு வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம்.

இந்த எல்லைக்கோடு ரெண்டு பக்கமும் வெட்டும். என் தம்பி விஷயத்துல வக்கீல் என்ன சொன்னார் தெரியுமா? "போனைப் பிடுங்கினதுக்குத் தள்ளினான், தற்காப்புன்னு வாதாடலாம் சார். ஆனா அதை நிரூபிக்கிற இடம் கோர்ட். கோர்ட் வரைக்கும் போகணுமா?" போகாம இருக்கத்தான் அந்த 21,500.

ஸ்டேஷன்ல நான் பார்த்த ஆள்

இன்னொண்ணு சொல்லணும், எனக்கு ரொம்ப நாள் மனசுல நின்னது இது. நெத்தியில தையல் போட்டுட்டு அந்த செக்யூரிட்டி ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். டீ வாங்கிக் கொடுத்துப் பேசினேன். "சார், சர்வீஸ் சார்ஜு கட்டாயமா இல்லையான்னு எனக்கு என்ன சார் தெரியும்? மேனேஜர் விடாதேன்னாரு, நான் விடலை. விட்டிருந்தா நாளைக்கு எனக்கு டூட்டி இருக்காது." ஏஜென்சி மூலமா வேலை, 12 மணி நேர ஷிஃப்ட். வைத்தியச் செலவை யார் தருவாங்கன்னு அவருக்கே தெரியலை.

அந்த ராத்திரி முழுக்க மேனேஜர் ஸ்டேஷன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை.

அதுதான் எனக்கு உறைச்சது. 960 ரூபாய் போயிருக்க வேண்டியது அந்தக் கம்பெனி கல்லாவுக்கு. அதுக்காக ரத்தம் சிந்தினது ஒரு சம்பளக்காரர், ஸ்டேஷன்ல உட்கார்ந்தது இன்னொரு சம்பளக்காரன். வாசல்ல நிக்கிறவர் உங்க எதிராளி இல்லை. உங்க எதிராளி பில்லுல இருக்கிற பேர். அவரை ஜெயிச்சு உங்களுக்கு ஒண்ணும் கிடைக்கப் போறதில்லை.

அந்த நேரத்துல, அப்புறம் மறுநாள் காலையில

வாசல்ல:

1. ரெண்டடி பின்னாடி வாங்க. கையைக் கீழே வைங்க. "மேனேஜரைக் கூப்பிடுங்க"ன்னு மட்டும் சொல்லுங்க.
2. நிலைமை மோசமானா கட்டிடுங்க, யூபிஐ-லயோ கார்டுலயோ. பில்லுல 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்'னு எழுதி நேரத்தோட போட்டோ எடுங்க. கட்டிட்டா உரிமை போயிடும்கிறது தப்பு. திருப்பிக் கேட்கலாம்.
3. போகவிடலை, அடிக்கிறாங்கன்னா 112. போலீஸ் வரட்டும், நீங்க பேசாதீங்க.
4. காயம்னா உடனே அரசு மருத்துவமனை. என்ன நடந்ததுன்னு சொல்லி ஏ.ஆர். பதிவு போடச் சொல்லுங்க.

காலையில:

5. சிசிடிவி பதிவை அழிக்காம வைக்கச் சொல்லி அந்த இடத்துக்கு இமெயில் அனுப்புங்க. பழைய பதிவு மேல புதுசு எழுதிடும், அதனால அன்னைக்கே அனுப்பணும்.
6. போலீஸ் புகார் கொடுத்தா சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம வராதீங்க. எந்த ஸ்டேஷன்ல வேணும்னாலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களது இல்லைன்னு சொல்லக் கூடாது. சாதாரண அடின்னா மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாம போலீஸ் விசாரிக்க முடியாது. அதனால மறிச்சது, பூட்டி வெச்சது நடந்திருந்தா அதையும் புகார்ல தெளிவா எழுதுங்க.
7. இப்போ ஆடிட்டர் வேலை. போர்டுல இருக்கிற பேர் பல நேரம் கம்பெனி பேரா இருக்காது. பில்லுல 15 இலக்க ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கும். முதல் ரெண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து, அவங்க பான் நம்பர். ஜி.எஸ்.டி. இணையதளத்துல போட்டா சட்டப்படியான பேரும் அலுவலக விவரமும் வந்துடும். உங்க புகார்ல எதிர்த்தரப்பு அந்தப் பேர்தான்.
8. முதல்ல 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். சரிவரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா கட்டணமே கிடையாது. ஆன்லைன்ல போடலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம். பெங்களூருல பார்ட்டி, வீடு கோயம்புத்தூர்னா கோயம்புத்தூர்லயே வழக்கு. ரெண்டு வருஷம் டைம் இருக்கு.

"அப்போ பயந்துட்டுக் கட்டணுமா ப்ரோ?"

தம்பியும் இதைத்தான் கேட்டான். "சரியா இருந்தும் நான் ஏன் பணியணும்?"

நியாயமான கேள்வி. எல்லாரும் கட்டிட்டே போனா அவங்க வாங்கிட்டேதான் இருப்பாங்க, அதுவும் உண்மை. ஆனா யோசிச்சுப் பாருங்க. வாசல்ல நீங்க கத்தினா அந்தக் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? ஒண்ணும் இல்லை. ஒரு ஷிஃப்ட் செக்யூரிட்டியை மாத்துவாங்க. ஆனா கம்பெனி பேர்ல நுகர்வோர் ஆணையத்துல நோட்டீஸ் போனா அவங்க வக்கீல் வெக்கணும், பதில் எழுதணும், ஆள் அனுப்பணும். 960 ரூபாய்க்கு அவங்க செலவு பண்ணணும். செலவு யார் தலையில விழுதுங்கிறதுதான் பணிஞ்சது யாருன்னு முடிவு பண்ணும். வாசல்ல சண்டை போட்டா செலவு உங்க தலையில. மறுநாள் புகார் போட்டா அவங்க தலையில.

உரிமைங்கிறதை நான் ரிசீவபிள் மாதிரிதான் பார்க்கிறேன். உங்களுக்கு வரவேண்டிய பாக்கி. பாக்கியை வசூல் பண்ண கையை ஓங்கினா பாக்கியும் போகும், மானமும் போகும். ஆவணத்தை வெச்சுக்கிட்டுக் கேட்டா வரும்.

தம்பி இப்பவும் வெளியே போறான். ஆர்டர் பண்ணும் முன்னாடியே "சர்வீஸ் சார்ஜ் போடுவீங்களா?"ன்னு கேட்கிறான். போடுவோம்னா எழுந்து வந்துடுறான். போன மாசம் ஒரு இடத்துல அப்படி எழுந்ததும் "இல்ல சார், எடுத்துடுறோம், உட்காருங்க"ன்னு சொன்னாங்களாம். உள்ளே போகும் முன்னாடி கேட்டா ஒரு கேள்வியோட முடிஞ்சிடுற விஷயம் அது.

இந்த வாரக் கடைசியில டீம் அவுட்டிங் போறவங்களுக்கு இதை அனுப்புங்க. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தா, எப்படிச் சமாளிச்சீங்கன்னு வீடியோ கமெண்ட்ல சொல்லுங்க. இடத்தோட பேர் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்க. பத்திரமாப் போய்ட்டு, பில்லோட வாங்க.